எட்டு நாள் மலை ரேஸுக்குப் பாலக்கோட்டிலிருந்து தயாராவது எப்படி?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 21. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அலுமினிய ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள) சைக்கிள் ஒன்று கையில் இருக்கிறது. பெங்களூரு பக்கம் நடக்கும் ஒருநாள் எம்டிபி (மலை சைக்கிள்) ரேஸ்களில் முன்வரிசையில் வந்திருக்கிறார். அடுத்த வருடம் இமாசலத்தில் பலநாள் ரேஸ் ஒன்றில் ஓட்ட வேண்டும், அப்படியே தொழில்முறை வீரராகிவிட வேண்டும் என்று ஆசை. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டே இதற்குத் தயாராக முடியுமா, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறார்.

முடியும் தம்பி. நம் இரண்டு மாவட்டமும் இதற்கு நல்ல களம். ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பலநாள் ரேஸை நன்றாக ஓட்டி முடிப்பது ஒன்று, தொழில்முறை வீரர் ஆவது இன்னொன்று. முதலாவது இரண்டாவதற்கு உதவும், அதுவே போதாது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ரேஸ்.

ஒருநாள் ரேஸில் உங்களிடம் இருப்பதையெல்லாம் அன்றைக்கே கொட்டிவிடலாம். பலநாள் ரேஸில் தினமும் ஒரு ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டும் கட்டம்), ஒவ்வொரு நாளும் ஆன நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள், கடைசியில் மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவர் வெற்றியாளர். இமாசலத்தில் 2005இல் தொடங்கிய எம்டிபி இமாலயா எட்டு நாள், ஏறக்குறைய 600 கி.மீ. என்று ஓடிய ரேஸ். தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் 2004இல் தொடங்கியது. ப்ரோலாக் என்ற சிறிய தொடக்க ஓட்டம், அப்புறம் ஏழு ஸ்டேஜ். அதில் இருவர் ஓர் அணி, இருவருக்கும் நடுவே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. நேபாளத்தின் யாக் அட்டாக் அன்னபூர்ணா பக்கம் 5,416 மீட்டர் உயரத் தோரோங் லா கணவாயைத் தாண்டிப் போய்ப் பெயர்பெற்ற ரேஸ். எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம், ஒரு நாளைக்கு நான்கிலிருந்து ஏழு மணி நேரம் வண்டி மேல் இருப்பீர்கள், மறுநாள் காலை அதே கால்களோடு மறுபடி வரிசையில் நிற்பீர்கள்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் ஏற்றத்தில் உயிரைக் கொடுத்து மிதித்தால் பக்கத்தில் வருபவரைவிட ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் முன்னால் போவீர்கள். ஒரு பங்க்சர் போட்டால் எட்டு, பத்து நிமிடம் போகும். கியர் மாற்றும் பின்சக்கர டெரெய்லர் மாட்டியிருக்கும் ஹேங்கர் வளைந்து உடைந்தால் முக்கால் மணி நேரம். வயிறு கெட்டு ஒரு நாள் தள்ளாடினால் இரண்டு மணி நேரம். மூன்றாம் நாள் பசியைச் சமாளிக்க முடியாமல் சக்தி தீர்ந்து நின்றாலும் அதே கதைதான். மேலே வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இழப்புகளைத் தவிர்த்தவர்கள். அதனால் இந்தப் பதில் முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: ஒரு ஸ்டேஜ் முடிந்ததிலிருந்து அடுத்த ஸ்டேஜ் புறப்படும்வரை இருக்கும் நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று இப்போதே பழகுங்கள். மிதிப்பதைப் போலவே அதுவும் ஒரு பயிற்சி. நம் பையன்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான்.

மதியம் ஒரு மணிக்கு முடிக்கிறீர்கள், மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பாடு என்று வையுங்கள். நடுவில் பதினெட்டு மணி நேரம் இருக்கிறது. வந்ததும் செல்போனை எடுக்காதீர்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் சாப்பாடு போக வேண்டும். நீண்ட உழைப்பு முடிந்த முதல் மூன்று, நான்கு மணி நேரத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு ஒரு கிராம் அளவில் மாவுச்சத்து போனால் தசைக்குள் கிளைகோஜன் (சேமித்து வைக்கும் சக்தி) வேகமாக நிரம்பும். நீங்கள் 65 கிலோ என்றால் மணிக்கு 65 கிராம். ஒரு பெரிய கிண்ணம் தயிர்சாதம் ஏறக்குறைய அந்த அளவு வரும். கூடவே இரண்டு முட்டையோ பருப்போ பன்னீரோ சேர்த்துக்கொள்ளுங்கள். இமாசல முகாம்களில் ராஜ்மா, சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு என்று தாராளமாகத்தான் போடுவார்கள். பிரச்சினை சாப்பாட்டில் இருக்காது, உங்கள் வாயில் இருக்கும். நான்காம் நாள் எதைப் பார்த்தாலும் குமட்டும். அப்போது வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடி, ஒரு சின்ன டப்பா மாங்காய் ஊறுகாய் இரண்டும் ஒரு தட்டுச் சோற்றை உள்ளே இறக்கிவிடும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். கால் வலுவாக இருந்தும் சாப்பிட முடியாமல் ஐந்தாம் நாள் உட்கார்ந்துவிட்ட ரைடர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் ரவுண்டு சாப்பாடு முடிந்ததும் குளியல். பேட் வைத்த ஷார்ட்ஸை வந்த கால்மணி நேரத்தில் கழற்றிவிட வேண்டும். ஈரத்தோடு அதையே போட்டுக்கொண்டு டீ குடித்தபடி அரட்டை அடித்தால் மூன்றாம் நாள் இருக்கையில் உட்காரவே முடியாது. சின்னக் கொப்புளம்தான், அது ரேஸையே முடித்துவிடும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்து, தளர்வான பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள். மலையில் துவைத்த துணி காயும் என்று நம்பிப் போகக்கூடாது, ஷார்ட்ஸ் கூடுதலாக எடுத்துப்போங்கள். காலையில் போடும் முன் தோல் உரசும் இடத்தில் க்ரீம் தடவுங்கள்.

அப்புறம் வண்டி. இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், தூங்கி எழுந்து செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவுங்கள், ஆனால் பேரிங் இருக்கும் இடத்தில் அழுத்தமாகப் பீய்ச்சாதீர்கள். செயினைத் துணியால் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றித் துடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு எண்ணெய், கொஞ்ச நேரம் கழித்து மேலே இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடை வெளிச்சத்தில் பாருங்கள். இமாசலத்தில் மழையும் சேறும் சேர்ந்தால் ரெசின் பேட் ஒரே நாளில் இரும்புத் தகடுவரை தேய்ந்துவிடும். அங்கே உலோகத் துகள் கலந்த சின்டர்ட் பேட்தான் தாங்கும், இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துப்போங்கள். டயரின் பக்கச்சுவரை விரலால் தடவி வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்போக்கைக் கிள்ளிப் பாருங்கள். ஷூவின் அடியில் பெடலில் மாட்டும் கிளீட்டின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் நின்று டெரெய்லர் நேராகத் தொங்குகிறதா என்று பாருங்கள். ஹேங்கர் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி வடிவம். சிம்லாவிலோ மலைக்கிராமத்திலோ உங்கள் மாடலுக்குக் கிடைக்காது. இரண்டு ஹேங்கர் இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். ஒன்று பையில், ஒன்று வண்டியோடு.

இவ்வளவும் முடித்து எட்டரை மணிக்குப் படுத்துவிட வேண்டும். கூடாரத்தில் குளிர் இருக்கும், பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும், காதில் பஞ்சோ இயர்பிளக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதையெல்லாம் எங்கே பழகுவது? வீட்டில்தான். மாதத்தில் ஒருமுறை மூன்று நாள் தொடர்ச்சியாக ஓட்டும் பயிற்சி வையுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு கிடைத்தால் நல்லது. முதல் நாள் வத்தல்மலை. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்றம், தொடர்ந்து ஏறிப் பழக நம் பக்கத்தில் இதைவிட நல்ல சாலை இல்லை. ரேஸில் ஒரு நாளைக்கு 2,000 மீட்டர் ஏற வேண்டியிருக்கும் என்றால் வத்தல்மலையை மூன்று, நான்கு முறை ஏறி இறங்கினால்தான் அதன் பக்கத்தில் வரும். இரண்டாம் நாள் மண்ணும் கல்லும் கலந்த பாதையில் நான்கு மணி நேரம். மூன்றாம் நாள் ராயக்கோட்டை, கெலமங்கலம், தளி என்று மேட்டுநிலத்தில் நீளமாக. தர்மபுரி 450, 500 மீட்டர் உயரம்தான், ஓசூர் மேட்டுநிலம் ஏறக்குறைய 900 மீட்டர், அதனால் ஏறும்போதே காற்று மாறுவது தெரியும். ஒவ்வொரு நாளும் வந்ததும் மேலே சொன்ன வரிசையை அப்படியே செய்யுங்கள். சாப்பாடு, குளியல், வண்டி, தூக்கம். அம்மா "வண்டியைக் காலையில் கழுவிக்கோ, முதல்ல படு" என்பார்கள். அன்றைக்கே கழுவுங்கள்.

மூன்றாம் நாள் காலை எழுந்ததும் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். படுக்கையிலேயே நாடி எண்ணி எழுதுங்கள், பசிக்கிறதா, மனநிலை எப்படி, கால் கனக்கிறதா என்று எழுதுங்கள். நாலைந்து மாதம் எழுதினால் உங்கள் உடம்பைப் பற்றி எந்தப் பயிற்சியாளரும் சொல்ல முடியாத விஷயங்கள் அந்த நோட்டில் இருக்கும்.

இடையில் வரும் வாரங்களில் வாரம் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் போதும். அதில் பெரும்பகுதி பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம். வாரம் இரண்டே நாள் கடுமையான பயிற்சி. பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்று ஏற்றத்தில் மூச்சிரைக்க ஏறி, இறங்கி இளைப்பாறி, மறுபடி ஏறுவது. நைட் ஷிப்டு வாரத்தில் அந்தக் கடுமையான பயிற்சியை வைக்காதீர்கள். கம்பெனி பஸ்ஸில் தலையைச் சாய்த்துக் குட்டித் தூக்கம் போட்டுவிட்டு வந்து வத்தல்மலை ஏறினால் உடம்பு பலமாகாது, காய்ச்சல்தான் வரும். நைட் ஷிப்டு வாரத்தை மெதுவான வாரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஃபர்ஸ்ட் ஷிப்டு வாரத்தில் மாலை நேரம் முழுதும் உங்களுடையது.

எங்கே ஓட்டக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தொப்பூர் கணவாய் ஏற்றம்தானே என்று அங்கே போகாதீர்கள். லாரிகள் பிரேக் பிடிக்காமல் வரும் இடம் அது, எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அடுத்தது காடு. தேன்கனிக்கோட்டையிலிருந்து அய்யூர், பெட்டமுகிலாளம் போகும் பாதையும், அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் இறங்கும் பாதையும் சைக்கிள்காரர்களுக்கு ஆசை காட்டும் பாதைகள். தார்ச்சாலையில் நல்ல வெளிச்சத்தில், இருவர் மூவராகப் போகலாம். காப்புக்காட்டுக்குள்ளும் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளும் அனுமதியில்லாமல் ஒற்றையடிப்பாதையில் இறங்குவது குற்றம், ஆபத்தும்கூட. ராகி அறுப்புக் காலத்தில் யானைக்கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வயலுக்கு வரும். ஐப்பசியிலிருந்து மாசிவரை விடியலிலும் அந்தியிலும் அந்தப் பக்கமே வேண்டாம். சைக்கிள் சத்தமில்லாமல் வரும் வண்டி, வளைவில் திரும்பினால் யானைக்கும் உங்களுக்கும் இடையே பத்தடிதான் இருக்கும். புறப்படும் முன் ஊர்க்காரர்களிடம் "ஆனை இருக்குதுங்களாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்குத்தான் அன்றைய நிலவரம் தெரியும். மண்பாதைப் பயிற்சிக்கு ஏரிக்கரைகள், வயல் வண்டிப்பாதைகள், மாந்தோப்பு ஓரங்கள் போதும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு ஓட்டினால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

நம் பாதைகளின் பெரிய வாத்தியார் சீமைக்கருவேல முள். ட்யூப் போட்ட டயரோடு நம் பக்கம் மண்பாதையில் பயிற்சி செய்வதே வீண். ட்யூப்லெஸ் போடுங்கள், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை உள்ளே ஊற்றுங்கள். நம் வெயிலுக்கு அது இரண்டு மாதத்தில் காய்ந்துவிடும், திறந்து பார்த்து மறுபடி ஊற்ற வேண்டும். முள் ஏறினால் பதறிப் பிடுங்காதீர்கள். காற்று இறங்கவில்லை என்றால் அப்படியே ஓட்டிக்கொண்டு வாருங்கள். பிடுங்கத்தான் வேண்டும் என்றால் பிடுங்கியதும் சக்கரத்தைச் சுற்றி ஓட்டை தரைப்பக்கம் வரும்படி நிறுத்துங்கள். சீலண்ட் கீழே ஓடிவந்து ஓட்டையில் வெள்ளை நுரையாகக் குமிழ் விடும், புஸ்ஸென்ற சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். அப்புறம் பம்ப் எடுத்துக் கொஞ்சம் காற்று. ஓட்டை பெரிதாக இருந்தால் ரப்பர் பிளக்கை ஊசியில் கோத்துச் செருக வேண்டும். இதை வீட்டு வாசலில் பழைய டயரில் பத்து முறை செய்து பழகுங்கள். ரேஸில் கை நடுங்கும்போது பழகிய கைதான் வேலை செய்யும். காற்றழுத்தமும் முக்கியம். 65, 70 கிலோ ஆளுக்கு 2.25 அங்குல டயரில் 20இலிருந்து 25 பி.எஸ்.ஐ. போதும். நம் ஊரில் பலரும் 40 வைத்துக்கொண்டு "வண்டி குதிக்குது" என்கிறார்கள்.

நம்மிடம் இல்லாதவை மூன்று. நீண்ட, செங்குத்தான, ஈரமான இறக்கம், குளிர், உயரம். முதலாவதற்கு கேரளா பக்கம் போய்வாருங்கள். 2023 அக்டோபரில் ஆசிய எம்டிபி சாம்பியன்ஷிப் நடந்ததே திருவனந்தபுரத்துப் பொன்முடியில், அந்த மண்ணையும் ஈரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாலே உங்கள் இறக்கம் மாறும். குளிருக்குச் சட்டையும் முழுவிரல் கையுறையும்தான் வழி. கணவாயின் உச்சியில் ஜாக்கெட்டைப் போட நிற்கும் அரை நிமிடத்துக்குக் கஞ்சத்தனம் பார்த்தால் இறக்கத்தில் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது. உயரத்துக்கு இங்கே செய்ய ஒன்றுமில்லை. 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அதிகபட்சத் திறன் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். ஜலோரி கணவாய் 3,120 மீட்டர். அங்கே வத்தல்மலை வேகத்தில் மிதித்தால் பத்து நிமிடத்தில் தலைசுற்றும். ஒரு வாரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள், முதல் மூன்று நாள் லேசாக ஓட்டுங்கள். யாக் அட்டாக்கை ஒருமுறைக்கு மேல் வென்ற நேபாளத்து அஜய் பண்டிட் சேத்ரி போன்றவர்கள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களோடு முதல் வருடமே ஏற்றத்தில் போட்டி போட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

வண்டி மேல் இருக்கும்போது சாப்பாடு தனிக் கணக்கு. நாலைந்து மணி நேரம் ஓட்டும்போது மணிக்கு 60இலிருந்து 90 கிராம் மாவுச்சத்து வேண்டும். வெளிநாட்டு எனர்ஜி ஜெல் வாங்க காசு இல்லை என்று வருத்தப்பட வேண்டாம். வெள்ளைச் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சரிபாதி இருக்கிறது, விலையுயர்ந்த பொடிகளும் இந்த இரண்டைத்தான் கலந்து தருகின்றன. 750 மி.லி. பாட்டிலில் ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. இதுவே மணிக்கு 60 கிராம். கூட ஒரு வாழைப்பழமோ கடலைமிட்டாயோ எடுத்துக்கொண்டால் 80ஐத் தாண்டிவிடும். இதை முதல் நாளே குடித்தால் வயிறு உப்பும். மூன்று மாதம் பயிற்சியில் குடித்துப் பழக்குங்கள், குடலும் பழகும். ராகிக்களி அருமையான சாப்பாடு, பயிற்சி நாட்களில் மதியம் தாராளமாகச் சாப்பிடுங்கள். புறப்பாட்டுக்கு முன் மட்டும் வேண்டாம், நார்ச்சத்து அதிகம், செரிக்க நேரம் எடுக்கும்.

பாட்டில் என்றதும் இன்னொன்று. மலைப்பாதையெல்லாம் மாட்டுச்சாணம். முன்சக்கரம் வாரியிறைப்பது நேரே பாட்டில் மூக்கில் போய் ஒட்டும். அதை வாயில் வைத்துத்தான் பாதிப் பேருக்கு வயிறு போகிறது. மூடி உள்ள பாட்டில் வாங்குங்கள், இல்லை முதுகுப்பையில் தண்ணீர் வையுங்கள். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள்.

ரேஸ் நடக்கும் விதம் பற்றிச் சுருக்கமாக. முதல் நாள் எல்லோரும் வெறியோடு கிளம்புவார்கள், விடுங்கள். உங்கள் வேகத்தில் ஏறுங்கள், ஒரு மணி நேரத்தில் பாதிப் பேரைத் திரும்பப் பிடித்துவிடுவீர்கள். ஜீப் பாதை சமமாக வந்தால் தனியாகக் காற்றை எதிர்க்காதீர்கள், ஒரு கூட்டத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு உங்கள் முறை வரும்போது முன்னால் போய் இழுங்கள். முறைக்கு முன்னால் வந்து இழுக்காத ஆளை மறுநாள் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இறக்கத்தில் பத்து வினாடி மிச்சம் பிடிக்கப்போய் டயரைக் கிழிக்காதீர்கள். மூன்றாம் நாளுக்கு மேல் இதயத்துடிப்பு மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். களைத்த உடம்பில் எவ்வளவு அழுத்தினாலும் துடிப்பு ஏறாது, நீங்கள் மெதுவாக ஓட்டுகிறோம் என்று நினைத்து இன்னும் அழுத்துவீர்கள். மூச்சை வைத்து அளவு பாருங்கள். விதிப்புத்தகத்தை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். பெரும்பாலான ரேஸ்களில் குறித்த இடம் தவிர வெளியாள் உதவி வாங்கக்கூடாது, குப்பை போட்டால் நேரத் தண்டனை உண்டு.

இப்போது சொல்லப்போவதை நம் ஊர்ப் பையன்கள் தெரியாமலே செய்துவிடுகிறார்கள், அதனால் கவனமாகப் படியுங்கள். அசதியாக இருந்தால் பக்கத்து கிளினிக்கில் போய் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வருவது நமக்குச் சாதாரண விஷயம். விளையாட்டு வீரருக்கு அது ஊக்கமருந்துக் குற்றம். 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும், வெறும் உப்புத்தண்ணீராக இருந்தாலும், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் விதிப்படி தடை. முறையான மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை போன்றவைதான் விலக்கு. காய்ச்சலுக்குப் போடும் ஊசியில் ஸ்டீராய்டு இருக்கலாம். 2022 முதல் எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் குளூக்கோகார்ட்டிகாய்டு வகை ஸ்டீராய்டு போட்டிக் காலத்தில் தடை. வலிமாத்திரை டிராமடால் 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடை. டாக்டரிடம் உட்கார்ந்ததும் "நான் ரேஸ் ஓட்டுறேன் சார், டோப் டெஸ்ட் இருக்கும்" என்று முதலில் சொல்லுங்கள், மருந்துச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஜிம்மில் டப்பாவில் விற்கும் பொடிகளைத் தொடாதீர்கள். உள்ளே என்ன கலந்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையது. தெரியாது என்று சொன்னால் கேட்க மாட்டார்கள், வருடக்கணக்கில் தடை விழும்.

கடைசியாக, தொழில்முறை. இந்தியாவில் எம்டிபி ஓட்டி அணிச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள் மிகச் சிலர். ரயில்வே, ராணுவம் போன்ற துறைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கி, அங்கிருந்து முழுநேரமாகப் பயிற்சி செய்கிறவர்கள்தான் அதிகம். அந்த வேலைக்குத் தேர்வாளர்கள் முதலில் கேட்பது தேசியப் போட்டிச் சான்றிதழ். எட்டு நாள் ரேஸில் நீங்கள் ஆறாவது வந்தாலும் அந்த மேசையில் அது இரண்டாம் தாள்தான். அதனால் தேசிய எம்டிபி சாம்பியன்ஷிப்புக்குப் போக வேண்டும், அதற்கு மாநிலத் தேர்வில் ஓட்ட வேண்டும், அதற்கு இந்திய சைக்கிள் சம்மேளனத்தின் உரிமம் வேண்டும். தேசியப் போட்டியில் வரும், 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கிலும் இருக்கும் எக்ஸ்சிஓ (கிராஸ்கன்ட்ரி) வகையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சிறு சுற்றுப்பாதையில் முழு வேகத்தில் ஓட்டுவார்கள். பலநாள் ரேஸுக்கு நேரெதிர் குணம் என்று தோன்றும். ஆனால் பலநாள் ரேஸ் தரும் அடித்தளமும் இறக்கத் தைரியமும் அங்கே அப்படியே பயன்படும். பெங்களூருக்காரரான கிரண் குமார் ராஜு தேசிய சாம்பியன் பட்டமும் வென்றார், இமாலயப் பலநாள் ரேஸும் ஓட்டினார். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்து ஊரிலேயே ஆள் இருக்கிறார். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ தன் பட்டியலில் இருக்கும் பலநாள் ரேஸ்களுக்குத் தரவரிசைப் புள்ளி தருகிறது, கேப் எபிக் அதில் மேல்வகுப்பு. அது பிற்பாடு.

உங்களுக்கு அவசரமான விஷயம் வயது. 19இலிருந்து 22வரை 23 வயதுக்குட்பட்டோர் பிரிவு. பிறந்தநாளைப் பார்க்க மாட்டார்கள், நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் அடுத்த வருடம் உங்களுக்கு 22 என்றால் அந்தப் பிரிவில் அதுதான் கடைசி வருடம். அதற்கடுத்து எலீட்டில் பெரியவர்களோடுதான் நிற்க வேண்டும். ஆகவே தேசியப் போட்டியை முதலில் வையுங்கள், இமாசலத்தை அதன் பின்னால் வையுங்கள். அங்கே முதல் வருட இலக்கு, எட்டு நாளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடிப்பது. முதல் நாள் 20ஆவது, கடைசி நாள் 18ஆவது என்று முடித்தால் அது முதல் நாள் 9ஆவது, ஐந்தாம் நாள் விலகல் என்பதைவிட ஸ்பான்சரிடம் காட்ட நல்ல காகிதம்.

கார்பன் வண்டிக்குக் கடன் வாங்காதீர்கள். இருக்கிற ஹார்ட்டெயில் போதும். காசு இருந்தால் நல்ல டயர், நல்ல பிரேக், உங்கள் உயரத்துக்கு இருக்கையைச் சரியாகப் பொருத்துவது, இந்த வரிசையில் செலவு செய்யுங்கள். முன் பல்சக்கரத்தை 32 பல்லிலிருந்து 30 பல்லுக்கு மாற்றுங்கள், ஆறாம் நாள் ஏற்றத்தில் அதன் அருமை தெரியும். ரயிலில் கொண்டுபோகும்போது சைக்கிள் கடையில் அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள், பின் டெரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்டுங்கள், சக்கரம் கழற்றிய பிரேக் பேட்களுக்கு நடுவே மடித்த அட்டைத்துண்டு ஒன்றைச் செருகுங்கள். அட்டை இல்லாமல் வழியில் யாராவது பிரேக் லீவரைப் பிடித்தால் பேட் ஒட்டிக்கொண்டுவிடும்.

லீவு விஷயத்தை இப்போதே கம்பெனியில் பேசிவிடுங்கள். பழக ஒரு வாரம், ரேஸ் எட்டு நாள், போக வர நாலைந்து நாள், ஆக மூன்று வாரம். உரிமம் டிசம்பர் 31வரைதான் செல்லும், ஜனவரியிலேயே புதுப்பித்துவிடுங்கள். முதல் மூன்று நாள் பயிற்சியைப் பொங்கல் விடுமுறையில் வையுங்கள், அப்போதுதான் வெயில் ஏறுவதற்குள் மூன்று சுற்று முடியும். சித்திரை, வைகாசி வெயிலில் வத்தல்மலையை நான்கு முறை ஏற வேண்டாம். அந்த இரண்டு மாதம் விடிகாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.